கன்னிக்காலடியில் ஒரு துவக்கு

பரமலிங்கம் தன் வாழ்நாளில் ஒரு துவக்கு வேண்டுமென்று யாரிடமும் கேட்டவரல்ல. மகளின் கலியாணத்துக்காகக் கிடங்கு வெட்டியபோது அது தானாகவே வந்தது.

புளியங்கூடலில் தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் பெண்வீட்டு வளவின் மூலையில் முள்முருக்கங் கிளையொன்றை நட்டு, மஞ்சள் பூசி, பாலும் நவதானியமும் இட்டுக் கும்பிடுவார்கள். அதுதான் கன்னிக்கால். அதை ஊன்றிவிட்டால் கலியாணம் முடியும்வரை அசைக்கக்கூடாது. பெண்ணும் வாசல் படலையைத் தாண்டக்கூடாது.

அன்று கிடங்கு தோண்டிய அலவாங்கு கொஞ்சம் இறங்கியதும் ‘ணங்’ என்றது. மண்ணை விலக்கிப் பார்த்தால் நீண்ட இரும்புக் குழல் ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் கொக்கிபோல வளைந்த துண்டு, கொக்கியின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். மரப்பிடி உக்கி மண்ணாகியிருந்தது. குழலுக்குள் சுண்ணாம்பு மண் இறுகி, ஓர் ஈர்க்குக்கூட நுழைய இடமில்லை.

“உது ஒல்லாந்தன் சுட்ட துவக்கு!” என்றார் கிடங்கு வெட்டியவர்.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “துவக்கோ, பீரங்கியோ, சுபநேரம் போகுது. கன்னிக்காலை வையுங்கோ.”

கிளையை வைத்தார்கள். கிடங்கு பெரிதாகிவிட்டதால் அது ஆடியது. கல்லுத் தேடப் போனால் நேரம் தவறிவிடும். ஆகவே அந்தக் குழலையே கிளைக்கு அணைவாகச் செருகி, மண் போட்டு மிதித்தார்கள். கிளை நிமிர்ந்து நின்றது. பரமலிங்கத்தின் மனைவி அன்னபூரணம் மண்ணில் பாலை வார்த்தாள். துவக்கும் தன் பங்குக்குக் குடித்தது. கலியாணத்துக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

மகள் பிரியவதனிக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அவளுக்கு இரண்டு வருடங்களாக ஆரூரனைத் தவிர வேறெதுவும் கண்ணில் பட்டதில்லை. அவன் காரைநகர்ப் பையன். ஊர்காவற்றுறையில் ஒரு வங்கியில் வேலை. அவள் காரைநகரில் பாலர் பாடசாலை ஆசிரியை. காலையில் அவனை இக்கரைக்குக் கொண்டுவந்து விடுகிற பாதை என்ற மிதவைப் படகுதான் அவளை அக்கரைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அவன் இறங்க, அவள் ஏற, நடுவில் ஒரு பலகையின் நீளம்தான் அவர்களுக்குக் கிடைத்த இடம். ஒரு பலகை நீளத்தில் இரண்டு வருடம் காதலித்தவர்களுக்கு இனி ஒரு வீடு முழுவதும் கிடைக்கப்போகிறது என்று பரமலிங்கம் சந்தோஷப்பட்டார்.

ஆனால் அன்று மத்தியானம் அவர் பாதிச் சோற்றில் எழும்பினார். அவர் பயந்தவரல்ல, ஒழுங்கானவர். இந்தத் தீவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சண்டைக் காலத்தில் வேலிக்கரையில் ஒரு வெற்றுத் தோட்டாக் கோது கிடந்ததற்காக ஊரில் ஆட்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கோதுக்கே அந்தப் பாடென்றால், துவக்குக்கு?

“இஞ்சாருங்கோ, பேசாமல் இருங்கோ. கலியாணம் முடியட்டும்,” என்றாள் அன்னபூரணம்.

“அறிவிக்காமல் இருந்தால் குற்றமப்பா.”

அவர் போன் எடுத்தார். ஓர் அரச கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டியது. கடைசியில் ‘பழைய மற்றும் நவீன சுடுகருவிகளின் செயற்திறன் மதிப்பீட்டுச் சபை’ என்ற இடத்துக்கு அழைப்பு போய்ச் சேர்ந்தது. சண்டை முடிந்து, துவக்குகளெல்லாம் போன பிறகு, துவக்குகளை ஆராய்வதற்காக ஏற்படுத்தப்பட்ட சபை அது. அதற்குக் கட்டடம் இருந்தது, வான் இருந்தது, தலைவர் இருந்தார். துவக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. போனை எடுத்தவர், “உண்மையாவே துவக்கோ?” என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு யாரையோ கூப்பிட்டு அழுவது போலக் கேட்டது.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கைக்குள் ஒரு வான் வந்தது. முன்பு ஆட்களைத் தூக்கிப்போனது போன்ற வெள்ளை வான் என்பதால் ஒழுங்கையில் நின்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். பிறகு மெதுவாக வெளியே வந்து, வானின் பக்கவாட்டில் ‘சுடுபவரின் வசதியே எமது சேவை’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, திரும்பவும் உள்ளே போனார்கள்.

மூன்று பேர் இறங்கினார்கள். கழுத்துப்பட்டியுடன் சபைத் தலைவர் குலவீரசிங்கம். மடிக்கணினியுடன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜெனீற்றா. மஞ்சள் நாடாச் சுருளுடன் காவலாளி அன்ரனிதாஸ்.

தலைவர் கன்னிக்காலடியில் குந்தி, மண்ணுக்கு மேலே தெரிந்த குழல்முனையைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது.

“இதைத் தோண்டி எடுக்க ஏலாது ஐயா,” என்று பரமலிங்கம் முந்திக்கொண்டார். “கால் அசைஞ்சிடும். கலியாணம் முடியட்டும்...”

“யார் எடுக்கச் சொன்னது? மதிப்பீடு செய்யாத சுடுகருவியை அசைக்கக்கூடாது எண்டுதான் எங்கட விதியும் சொல்லுது. உங்கட ஐயருக்கும் எங்கட சபைக்கும் கருத்து வேறுபாடே இல்லை.”

பரமலிங்கத்துக்கு மனம் குளிர்ந்தது. எவ்வளவு நல்ல மனிதர்!

“அப்ப எப்பிடி மதிப்பீடு செய்வியள், ஐயா?”

“அசைச்சுத்தான்,” என்றார் தலைவர்.

இதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை என்று பரமலிங்கம் விட்டுவிட்டார்.

“முதலிலை சூட்டெல்லை,” என்றார் தலைவர். ஜெனீற்றா கணினியைத் திறந்து வாசித்தாள்: “சக்கிமுக்கித் துவக்கு, சேர். குண்டு குறி தவறாமல் போற தூரம் கிட்டத்தட்ட இந்த வளவளவுதான். அதுக்கு அங்காலை ஆருக்குப் படும் எண்டு சுடுறவருக்கே தெரியாது.”

“வளவைச் சுத்தி நாடா கட்டும், அன்ரனிதாஸ். படலைக்குக் குறுக்காலையும் கட்டும். வெளியாள் ஒருத்தரும் உள்ளை வரக்கூடாது.” பிறகு பரமலிங்கத்தின் தோளைத் தட்டினார். “உங்கட அதிர்ஷ்டம், இது பழந்துவக்கு. நவீனத் துவக்கெண்டால் அதின்ர தூரத்துக்குப் புளியங்கூடல் முழுக்கக் கட்டியிருப்பம். மண்கும்பானிலைதான் நாடா முடிஞ்சிருக்கும்.”

“குழலுக்குள்ளை மண் இறுகிக் கிடக்குது ஐயா. அது சுடாது.”

தலைவர் முகம் மாறியது. “சுடாது எண்டு நீங்கள் சொல்லக்கூடாது. சுடும் எண்டால் அது ஆயுதம். அனுமதியில்லாமல் வளவுக்கை வைச்சிருந்த குற்றம் உங்களிலை. சுடாது எண்டால் அது தொல்பொருள். இந்த வளவு பாதுகாக்கப்பட்ட இடம். பந்தல் போடக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, ஆக்கள் கூடக்கூடாது. சுடுமோ சுடாதோ எண்டு சபை முடிவெடுக்கும் வரைக்கும் இரண்டு சட்டமும் நடைமுறையிலை இருக்கும்.”

குசினி வாசலில் நின்ற அன்னபூரணம் கணவனைப் பார்த்தாள். வாய் திறந்து திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தலைவருக்குக் கதிரை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பலகாலம் பேச ஆளில்லாமல் இருந்தவர் போல அவர் பேசத் தொடங்கினார்.

“துவக்கைப் பற்றிச் சனத்துக்குப் பிழையான அபிப்பிராயம். பாருங்கோ, ஆதியிலை திரித் துவக்கு. சுடுபவர் கையிலை நெருப்புக் கயிறோடை திரிய வேணும். மழை பெஞ்சால் கயிறு நூந்திடும். காத்தடிச்சால் எதிரிக்கு முதல் அவற்றை தாடி பத்தும். பிறகு இந்தச் சக்கிமுக்கி. கல் உரசினால் பொறி பறக்கும், பறக்காமலும் விடும். பறந்தால் புகை கண்ணை மறைக்கும். திரும்ப மருந்து போட்டு, குண்டு போட்டு, கம்பியாலை இடிச்சு நிமிரேக்கை எதிரி வீட்டை போய்க் குளிச்சுப்போட்டிருப்பான். சுடுபவற்றை மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பிறகு வந்தது இரட்டைக்குழல். திறம் சாமான், ஆனால் தோளிலை உதைக்கும். இப்ப வாறது இருக்கே... பாரமில்லை, உதையில்லை, புகையில்லை. விரலாலை தொட்டால் காணும். துவக்கின்ர வரலாறு எண்டால் வேறை என்ன? சுடுபவர் பட்ட கஷ்டம் படிப்படியாகக் குறைஞ்ச வரலாறு.”

பரமலிங்கம் பணிவாகத்தான் கேட்டார். “அப்ப, சூடு பட்டவைக்கு, ஐயா?”

“அது எங்கட சபைக்குள்ளை வராது. அது வேறை திணைக்களம்.”

“எந்தத் திணைக்களம்?”

தலைவர் ஜெனீற்றாவைப் பார்த்தார். அவள் கணினியில் தேடினாள். இளநீர் முடியும்வரை தேடினாள்.

“அது இன்னும் அமைக்கேல்லை, சேர்.”

இளநீருக்குப் பிறகு மதிப்பீடு தொடங்கியது. துவக்கின் செயற்திறன் என்பது சுடுபவரின் கையில்தான் தெரியும் என்று தலைவர் விளக்கினார். ஆகவே ஒரு சுடுநர் வேண்டும். துவக்கு யாருடைய வளவில் இருக்கிறதோ அவர்தான் சுடுநர். துவக்கை அசைக்க முடியாதென்பதால், அதே பாரமுள்ள வேறு பொருளை வைத்துப் பார்க்கலாம் என்று விதியில் இடமிருந்தது. கலியாண வீட்டுக்கு மா இடித்த உலக்கை சுவரில் சாய்ந்திருந்தது.

“சுடுநர் அனுபவம் ஏதும் இருக்கோ?” என்று ஜெனீற்றா கேட்டாள்.

“நான் ஒருக்காலும் சுட்டதில்லை, பிள்ளை. சுட்டவங்கள். நான் ஓடினனான்.”

“ஓடினதைப் பதிய இடமில்லை, ஐயா.”

பரமலிங்கம் உலக்கையைத் தோளில் வைத்து, பூவரச மரத்தைக் குறிபார்த்து நின்றார். அசையாமல் நிற்கச் சொன்னார்கள். நின்றார். வெயில் ஏறியது. நெற்றியில் வழிந்த வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஓர் இலையான் கன்னத்தில் வந்து குந்தி, நடந்து, பறந்து போனது. அவர் நின்றார். தலைவர் கதிரையிலிருந்து எழுந்து அவரைச் சுற்றி வந்தார்.

“அருமை! உதை எங்கை பழகினனீங்கள்?”

“செக் பொயின்ரிலை, ஐயா. கையை உயர்த்திக்கொண்டு நிக்கச் சொல்லுவாங்கள். அசைஞ்சால் பிரச்சினை.”

“நல்ல பயிற்சி,” என்றார் தலைவர், நெகிழ்ந்து.

அடுத்தது சத்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாங்கி வைத்திருந்த சீனவெடிப் பெட்டியை அன்ரனிதாஸ் எடுத்துவந்து, பரமலிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு கோவையைக் கொளுத்திப் போட்டான். காகங்கள் பறந்தன. பக்கத்து வளவில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பரமலிங்கத்தின் கண் இமைக்கவில்லை.

“பயமில்லையோ?”

“இதைவிடக் கிட்ட விழுந்தது, ஐயா.”

அவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கிடைத்தது. சபை தன் ஊழியர்களை வைத்துச் செய்த ஒத்திகையில் தலைவரே எழுபதைத் தாண்டவில்லை என்று ஜெனீற்றா மெல்லச் சொன்னாள். பாடசாலையில்கூட இவ்வளவு புள்ளி எடுத்திராத பரமலிங்கத்துக்கு, அந்த நிலைமையிலும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை வந்தது. அந்தப் பெருமைக்காக அவர் பின்னால் பல நாள் வருந்தினார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அன்னபூரணத்தையும் சோதித்தார்கள். அவளுடைய பொறுமை சீனவெடியோடு முடிந்துபோயிற்று. “கலியாண வீட்டு வெடியைக் கொளுத்தி விளையாடுறியளோ? உங்களுக்குத் தாய் தேப்பன் இல்லையோ?” என்று கத்திக்கொண்டு உலக்கையை வீசி எறிந்தாள். அது தலைவரின் காதோரமாகப் போய், வானின் பக்கவாட்டில் ‘சுடுபவரின்’ என்ற சொல்லின் மேல் விழுந்தது.

“இலக்கு நோக்கிய துல்லியம், எண்பத்தெட்டு,” என்று தலைவர் வெளிறிய முகத்துடன் சொன்னார். ஜெனீற்றா பதிந்தாள்.

கடைசியாகப் பிரியவதனி வந்தாள். கைகளில் கலியாண மருதோன்றி. உலக்கையைத் தூக்கியவள், வெடிச்சத்தம் கேட்டதும் அதைக் காலடியில் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பூச்சியம்.

பரமலிங்கம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “ஐயா, துவக்கு இஞ்சையே கிடக்கட்டும். நாடாவும் கிடக்கட்டும். நாங்கள் கலியாணத்தைக் கோயில் மண்டபத்திலை வைக்கிறம். ஐயரிட்டைச் சொல்லி, பிள்ளை வெளிக்கிடுறதுக்கு ஒரு பரிகாரம் செய்விக்கிறன்.”

“நல்லது, நல்லது. தாராளமாகச் செய்யுங்கோ. ஆனால் துவக்குக்குப் பொறுப்பாக உங்கட வீட்டாள் ஒருத்தர் எல்லைக்குள்ளை இருக்க வேணும். முடிவு வரும்வரைக்கும் வெளியிலை போகக்கூடாது.”

“நான் இருக்கிறன்.”

“நீங்களோ? தொண்ணூற்றாறு புள்ளி எடுத்த ஆளைத் துவக்குக்குப் பக்கத்திலை விடுறதோ? சமுதாயத்துக்கு ஆபத்து, ஐயா.”

“அப்ப மனுசி?”

தலைவர் தன் காதைத் தடவிக்கொண்டார். “வேண்டாம்.”

அப்போதுதான் பரமலிங்கத்துக்கு விளங்கியது. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

“விதி என்ன சொல்லுது எண்டால்,” என்றார் தலைவர், “சுடுகருவியை ஆகக் குறைந்த புள்ளி பெற்றவரிடம் ஒப்படைக்க வேணும். உங்கட மகள் பூச்சியம். இலங்கையிலையே இவவைவிடப் பாதுகாப்பான பொறுப்பாளர் கிடைக்காது. நீங்கள் பெருமைப்பட வேணும்.”

“ஐயா, அவவுக்குத்தான் கலியாணம்.”

“வாழ்த்துகள்,” என்றார் தலைவர்.

பரமலிங்கம் தலைவரின் கையைப் பிடித்தார். அவர் யாருடைய கையையும் இப்படிப் பிடித்தவரல்ல. “என்ர பேரை எழுதுங்கோ. வேணுமெண்டால் என்னையும் அந்தக் கன்னிக்காலோடை சேர்த்துக் கட்டிவிடுங்கோ. திரும்ப ஒருக்கால் சோதியுங்கோ, நான் அசையிறன். கண்ணை இமைக்கிறன். பிள்ளையை விடுங்கோ.”

“ஒருக்கால் எடுத்த புள்ளியைக் குறைக்க எங்களுக்கு அதிகாரமில்லை,” என்றார் தலைவர். அவருடைய குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது. அதுதான் பரமலிங்கத்தை உடைத்தது. கோபக்காரராக இருந்தால் திட்டவாவது முடியும்.

அன்று பின்னேரம் பிரியவதனி அறைக்குள் இருந்து நெடுநேரம் போனில் கதைத்தாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

“அப்பா, அவர் சொல்லுறார், படலையடியிலை வைச்சுக் கட்டிறாராம். நான் உள்ளுக்கை, அவர் வெளியிலை.”

“ஒழுங்கையிலையோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“ஆக்கள் என்னத்தைச் சொன்னாலும் சொல்லட்டும். பாதையிலை ஏறி இறங்கேக்கை எங்களுக்கு இவ்வளவு இடமும் இருக்கேல்லை, அப்பா.”

அன்னபூரணம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மணவறைக்காரனுக்குச் சொல்லுங்கோ, ரெண்டாப் பிரிச்சு வைக்க ஏலுமோ எண்டு,” என்றாள்.

மணவறையை இரண்டாகப் பிரித்து வைக்க முடியும் என்று தெரிந்தது. கலியாணத்தன்று ஒரு கதிரை படலைக்கு உள்ளே, ஒரு கதிரை வெளியே. நடுவில் மஞ்சள் நாடா. மணவறைக்காரர் நாடாவின் மேல் பூச்சரம் சுற்ற வந்தார். அரச உடைமையை அலங்கரிக்கக்கூடாதென்று அன்ரனிதாஸ் தடுத்தான். சுடுமருந்து இருக்கக்கூடிய எல்லைக்குள் நெருப்பு ஆகாது என்பதால் ஓமகுண்டம் ஒழுங்கையில். மேளமும் ஒழுங்கையில். விருந்தினர் ஒழுங்கை நீளத்துக்கும், அதற்கப்பால் புகையிலைத் தோட்டத்து வரம்பிலும். பால் வான்காரன் போக வழியில்லாமல் இறங்கி, அவனும் ஒரு மரத்தடியில் நின்று பார்த்தான். சபைத் தலைவருக்கும் ஜெனீற்றாவுக்கும் மட்டும் வளவுக்குள் வேப்பமர நிழலில் கதிரை.

ஆரூரன் பட்டு வேட்டியோடும் தலைப்பாகையோடும் ஒழுங்கைப் புழுதியில் வந்து உட்கார்ந்தான். நாடாவுக்கு மேலால் பிரியவதனியைப் பார்த்தான். அவள் கூறைச் சேலையில், தலை குனிந்து, நாடாவுக்குக் கீழால் அவனுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் தாலியை எடுத்து நீட்டியபோது தலைவர் எழுந்து கை உயர்த்தினார். மேளம் நின்றது.

“மன்னிக்கவேணும். மாப்பிள்ளை வெளியாள். அவற்றை கை எல்லைக்குள்ளை வர ஏலாது.”

ஒழுங்கையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் நேரத்தைப் பார்த்தார். பரமலிங்கம் எழும்பித் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

தலைவர் ஜெனீற்றாவுடன் குசுகுசுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “சபை மனிதாபிமானமில்லாத சபை அல்ல. மாப்பிள்ளையினுடைய இரண்டு கையையும், மூர்த்த நேரத்துக்கு மட்டும், தற்காலிகச் சுடுநர்கள் எண்டு பதிஞ்சு உள்ளே அனுமதிக்கிறம். முழங்கை நாடாவிலை படக்கூடாது. இந்தச் சந்தர்ப்பத்திலை நான் ஒண்டு சொல்ல விரும்புறன். சுடுபவருடைய வசதி எண்டது...”

நாதஸ்வரக்காரர் ஒரு நல்ல மனிதர். அவர் யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. கெட்டிமேளத்தை எழுப்பினார். தலைவருடைய உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஆரூரனின் இரண்டு கைகளும் நாடாவுக்கு மேலால் உள்ளே போய், பிரியவதனியின் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தன. ஜெனீற்றா நேரத்தைப் பதிந்தாள். பதியும்போது அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கினியை வலம் வர வேண்டும். ஆரூரன் தனியாக மூன்று தரம் சுற்றினான். ஐயர் சொன்னபடி பிரியவதனி நின்ற இடத்திலேயே மூன்று தரம் சுற்றினாள். கைத்தலம் பற்றும் இடத்தை ஐயர் மந்திரத்தோடு மட்டும் கடந்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து தலைவர் வானில் ஏறும்போது பரமலிங்கம் பின்னால் போனார்.

“ஐயா, கலியாணம் முடிஞ்சுது. ஐயர் இனிக் கன்னிக்காலைப் பிடுங்கலாம் எண்டிட்டார். நீங்களும் துவக்கைக் கொண்டுபோகலாம்.”

“எப்பிடிக் கொண்டுபோறது? அது வெறும் துவக்கில்லையே. ஒரு கிளையைத் தாங்கிக்கொண்டு நிக்குது. அதுவும் அதின்ர செயற்திறன்தான். துவக்குச் சுடாமல் இப்பிடி ஒரு வேலை செய்ததாக எங்களிட்டை முன்மாதிரி இல்லை. கொழும்புக்கு எழுதியிருக்கிறம்.”

“எப்ப பதில் வரும்?”

“இதைத் திரித் துவக்கோடை ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுவினம். அது ஒண்டை வெளிநாட்டு நூதனசாலையிலையிருந்து இரவல் எடுக்க வேணும். அது வந்தாலும் மாரி முடியாமல் சோதிக்க ஏலாது. கயிறு நூந்திடும் எண்டு அண்டைக்கே சொன்னனான்தானே.” அவர் வானின் கதவைச் சாத்திக்கொண்டார். “சாப்பாடு நல்ல திறம். கத்தரிக்காய்க் குழம்பு ஆர் வைச்சது?”

மாப்பிள்ளை வீட்டார் பொழுதுபட முன்னர் கடைசிப் பாதையைப் பிடிக்கப் புறப்பட்டார்கள். பெண்ணை அழைத்துப் போவதற்காகச் சோடித்து வந்த காரில் பின் ஆசனம் வெறுமையாகப் போனது. ஆரூரன் மட்டும் போகவில்லை. படலைக்கு வெளியே, பிரிந்த மணவறையின் பாதிக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே மற்றப் பாதியில் பிரியவதனி. காவலுக்கு நிறுத்தப்பட்ட அன்ரனிதாஸ் நாடாவின் நுனியில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

“தம்பி,” என்றான் ஆரூரன் அவனிடம். “கையை ஒருக்கால் பிடிக்கலாமோ?”

“உங்கட கை உள்ளை போக ஏலாது அண்ணை. மூர்த்தத்தோடை உங்கட அனுமதி முடிஞ்சுது.”

“அவவின்ர கை வெளியிலை வந்தால்?”

அன்ரனிதாஸ் யோசித்தான். அவன் கெட்டவனல்ல. அவனுக்கும் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். “அதைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. கேட்டுப் பாக்கிறன், அக்கா,” என்று பிரியவதனியிடம் சொல்லிவிட்டுத் தலைவருக்குப் போன் எடுத்தான். ஓம் சேர், ஓம் சேர் என்றான். நெடுநேரம் காத்திருந்தான். அந்தப் பக்கத்தில் ஏதோ புத்தகம் புரட்டுவது போலிருந்தது.

கடைசியில் போனை வைத்துவிட்டு, சொன்னதை மறந்துவிடக்கூடாதென்று ஒவ்வொரு சொல்லாக ஒப்பித்தான். “பொறுப்பாளருடைய கை மணிக்கட்டு மட்டும் வெளியிலை வரலாமாம். முழங்கையைப் பற்றித் தலைமையகம்தான் தீர்மானிக்க வேணுமாம்.”

பிரியவதனி கையை நீட்டினாள். காப்புகள் நாடாவுக்கு இந்தப் பக்கம் சேர்ந்து நின்றன. மருதோன்றி இட்ட கை மட்டும் அந்தப் பக்கம் போனது. ஆரூரன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அன்ரனிதாஸ் மணிக்கட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவனுடைய கடமை.

இரண்டு கோப்பை தேநீரோடு வந்த பரமலிங்கம் பூவரச மரத்தடியில் நின்றுவிட்டார். முழங்கைக்கு எப்போது அனுமதி வரும் என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் மணிக்கட்டையும் மறுபரிசீலனைக்கு எடுத்துவிடுவார்களோ என்று பயம் வந்தது. கோப்பைகளைப் பிடித்தபடி, அசையாமல், பேசாமல் நின்றார்.